ஐந்து நிமிடம் யாருடையது?

2006ஆம் ஆண்டிலே, அப்பொழுது நியூயோர்க் நகரின் மேயராக இருந்த மைக்கல் புளூம்பேர்க், மாநிலத் தலைநகரான அல்பனியில் அமைந்திருந்த நகராட்சிக் காரியாலயம் ஒன்றைப் பார்வையிடச் சென்றார். அங்கே ஓர் உத்தியோகத்தரின் கணினித் திரையிலே சொலிடெயர் என்னும் ஒற்றையாள் சீட்டாட்டம் விரிந்திருப்பதைக் கண்ணுற்றார். அவ்வுத்தியோகத்தர் வேலைநீக்கம் செய்யப்பட்டார். நாள் முழுவதும் ஆடிக்கொண்டிருக்கவில்லை, சிறிது நேரமே ஆடினேன் என்று அவர் சொன்னது எடுபடவில்லை. காரியாலயம் விளையாடுமிடமன்று என்பது மேயரின் தீர்ப்பு. அத்தீர்ப்பை வழங்கியவர், நிதிச் சந்தைக்காரருக்குக் கணினித் திரைகளை வாடகைக்கு விட்டே பெருஞ்செல்வராகியவர் என்பதையும் ஈண்டு குறிப்பிடல் தகும்.

இது சிறியதொரு சம்பவமே. எனினும் வேலைநாளின் வரலாற்றைக் கற்றவர் இதனை அற்பமென ஒதுக்கமாட்டார். ஆலை மணிக்கூடு ஆட்சிக்கு வருமுன்னர் இங்கிலாந்தின் கைவினைஞர் திங்கட்கிழமையையும் ஓய்வு நாளாகக் கொண்டாடிய வழக்கத்தையும், அவ்வழக்கம் படிப்படியாக ஒடுக்கப்பட்ட விதத்தையும் ஈ. பி. தொம்சன் 1967இல் எழுதிய கட்டுரையொன்றிலே விரிவாக ஆராய்ந்துள்ளார். அதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே, 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்திலே, தொழிலாளரின் சாப்பாட்டு வேளையிலிருந்து ஆலை முதலாளிகள் நிமிடம் நிமிடமாகத் திருடியதைத் தொழிற்சாலைப் பரிசோதகரின் அறிக்கைகளைக் கொண்டே மார்க்ஸ் நிறுவினார். அவருடைய மருமகன் போல் லஃபார்க் 1880இல் சோம்பியிருக்கும் உரிமைக்காகவே ஒரு நூல் எழுதினார். நிமிடங்களுக்கான போராட்டம் பழையது. அப்போராட்டத்தின் மிகப் பிந்திய களங்களுள் ஒன்றையே, இணைய உலாவியிலே ஐந்து நிமிடத்தில் ஆடி முடிக்கும் எளிய விளையாட்டுக்களின் வரலாற்றிலே நாம் காண்கின்றோம்.

நம்மவருள் சிலர் இத்தகைய விளையாட்டுக்களைப் புதிய அபின் என்று சொல்லித் தம் கடமை முடிந்ததாகக் கருதிவிடுகின்றனர். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாட்டுக்கூத்தையும் வாய்மொழிப் பாடலையும் மக்கள் படைப்பென்று ஏற்றுக்கொண்ட நாம், மக்களின் ஓய்வுவேளைப் பொருளொன்றை ஆராயாமலே தள்ளிவிடுதல் முறையாகாது. யார் ஆக்கினார், யார் உடைமையாக்கினார், யாருடைய நேரத்திலே ஆடப்பட்டது என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பிய பின்னரே தீர்ப்புச் சொல்லல் வேண்டும்.

சொலிடெயரிலிருந்து தொடங்குவோம். அது உலாவி விளையாட்டன்று. எனினும் அவ்வினத்தின் பாட்டி அதுவே. மைக்றோசொப்ட் நிறுவனத்திலே பயிற்சி ஊழியராகச் சேர்ந்திருந்த வெஸ் செரி என்னும் மாணவர் 1980களின் கடைசியிலே அதனை எழுதினார். சீட்டுக்களின் உருவங்களை வரைந்தவர் சூசன் கெயர். 1990இல் வெளியான விண்டோஸ் 3.0 உடன் அது உலகெங்குஞ் சென்றது. எலிப்பொறியைப் பிடித்திழுக்கும் பழக்கத்தை எழுதுவினைஞருக்குக் கற்பிக்கவே அது சேர்க்கப்பட்டதென்று சொல்லப்படுவதுண்டு. உலகின் மிகுதியான மக்கள் ஆடிய கணினி விளையாட்டுக்களுள் ஒன்றாகிய அதற்காக வெஸ் செரிக்கு உரிமைப் பணமாக ஒரு சதமேனும் கிடைக்கவில்லை. பயிற்சி ஊழியனின் உழைப்பும் கம்பனியின் சொத்து.

இதனிலும் சுவையான செய்தியொன்றுண்டு. செரி தமது விளையாட்டிலே ஒரு விசையை அமைத்திருந்தார். மேலதிகாரி வரும் காலடியோசை கேட்டவுடன் அவ்விசையை அழுத்தினால் சீட்டுக்கள் மறைந்து, கணக்குத்தாள் போன்ற பொய்த் தோற்றமொன்று திரையிலே தோன்றும். கம்பனி அதனை நீக்கும்படி பணித்தது, அது நீக்கப்பட்டது. விளையாட்டைக் கொடுத்தவர்கள் ஒளிந்துகொள்ளும் வழியைக் கொடுக்க மறுத்தார்கள். அல்பனி உத்தியோகத்தரின் மேசையிலே அந்த விசை இருந்திருக்குமாயின் அவருடைய கதை வேறாக முடிந்திருக்கக் கூடும்.

(உலகத்துக் கந்தோர்களிலெல்லாம் சொலிடெயர் பரவிய அதே 1990களின் முற்பாதியிலே, யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிலே பாடம் படித்துக்கொண்டிருந்தது. ஆதலால் நம்மவரின் ஒரு தலைமுறைக்கு இக்கதையின் முதல் அத்தியாயம் செவிவழிச் செய்தியே.)

பின்னர் நிகழ்ந்ததையும் சொல்லிவிட வேண்டும். 2012இல் வெளியான விண்டோஸ் 8 இலே பழைய சொலிடெயர் இல்லை. 2015இல் விண்டோஸ் 10 உடன் அது திரும்பி வந்தபொழுது, ஆட்டங்களுக்கிடையே விளம்பரங்கள் புகுந்திருந்தன. விளம்பரம் வேண்டாமென்பவர் மாதம் 1.49 டொலர் கட்ட வேண்டியிருந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் எவர்க்கும் விலையின்றிக் கிடைத்த ஐந்து நிமிடம் விலைப்பட்டியலில் ஏறியது.

முதலாளித்துவ நாடுகளில் மட்டுந்தான் ஆக்கியோன் வெறுங்கையோடு நின்றானா என்று கேட்கும் வாசகருக்கு நேர்மையான பதிலொன்று கடமைப்பட்டுள்ளோம். 1984இல் மொஸ்கோவிலே, சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பு நிலையத்தில் பணியாற்றிய அலெக்ஸி பஜித்நோவ், படம் வரையும் ஆற்றலற்ற எலெக்ரோனிக்கா 60 என்னும் பொறியிலே அடைப்புக்குறிகளைக் கட்டைகளாக அடுக்கி டெட்ரிஸை ஆக்கினார். வாடிம் கெராசிமோவ் என்னும் பதினாறு வயது மாணவன் அதனைத் தனியாட் கணினிக்கு மாற்றினான். கையிலிருந்து கைக்கு, வட்டிலிருந்து வட்டுக்கு, விலையின்றியே அது பரவியது. பின்னர் மேற்கு நாட்டு வியாபாரிகள் வந்தார்கள். பத்திரிகை முதலாளி றொபேட் மக்ஸ்வெல்லின் கம்பனியும் நின்டென்டோவும் உரிமைக்காக மோதின. சோவியத் தரப்பிலே எலோர்க் என்னும் அரச வர்த்தக நிறுவனம் பேரம் பேசியது. 1989இல் நின்டென்டோவின் கைப்பொறியோடு சேர்ந்து டெட்ரிஸ் பல கோடி மக்களைச் சென்றடைந்தது. 1996 வரை பஜித்நோவுக்கு உரிமைப் பணம் வரவில்லை. ஆக்கியவரின் பங்கைப் பற்றி அரச உடைமை சிந்திக்கத் தவறிய இடங்களுள் இதுவுமொன்று என்பதை இடதுசாரிகளாகிய நாமே முதலிற் சொல்லல் வேண்டும்.

இனி உலாவிக்கு வருவோம். 1996இல் ஜொனதன் கே என்பவரும் தோழர்களும் பியூச்சர்ஸ்பிளாஷ் என்னும் ஓவியக் கருவியொன்றை வெளியிட்டனர். அவ்வாண்டின் இறுதியிலேயே மக்ரோமீடியா கம்பனி அதனை வாங்கிப் பிளாஷ் என்று பெயரிட்டது. அக்கால இணையம் தொலைபேசிக் கம்பி வழியே நத்தை வேகத்திலே ஊர்ந்தது. புகைப்படமொன்று திறப்பதற்குள்ளே தேநீர் ஊற்றிக் குடித்துவிடலாம். பிளாஷோ ஒவ்வொரு புள்ளியையும் அனுப்பாமல், கோடு எங்கே தொடங்கி எப்படி வளைகின்றது என்னும் கணித விவரத்தை மட்டும் அனுப்பியது. ஆதலால் அசையும் சித்திரமொன்று மிகச் சிறிய கோப்பினுள் அடங்கிற்று. செருகுநிரல் இருந்த எந்த உலாவியிலும், தனியாக நிறுவாமலே ஓடிற்று. பள்ளிக்கூடக் கணினியிலே எதையும் நிறுவுவதற்கு அனுமதியில்லை. ஆனால் உலாவியைத் திறக்க அனுமதியுண்டு. அந்த இடைவெளியினூடாகத்தான் ஒரு கலை புகுந்தது.

ஆக்கியவர்கள் யாவர்? பெரும்பாலும் மாணவர், வேலையற்ற இளைஞர், இரவில் விழித்திருக்கும் ஊழியர். ரொம் பல்ப் 1995இல் இளைஞராகத் தொடங்கிய நியூகிரவுண்ட்ஸ் என்னும் தளம், 2000ஆம் ஆண்டளவிலே, எவரும் தம் படைப்பை ஏற்றலாம், பார்ப்பவர்களே வாக்களித்து அதனை வைத்திருக்கவோ நீக்கவோ செய்யலாம் என்னும் முறையைக் கொண்டுவந்தது. பதிப்பாசிரியர் இல்லை, முதலிடுவோர் இல்லை. இலண்டனிலே 2001இல் தோன்றிய மினிகிளிப், அமெரிக்காவிலே 2006இல் தோன்றிய கொங்கிரிகேட் முதலியன விளம்பர வருவாயைக் கொண்டு இவ்விளையாட்டுக்களைப் பெருஞ்சந்தையாக்கின. இக்காலத்தைப் பொற்காலமென்று போற்றுவாருளர். அத்துணை எளிதாகப் போற்றிவிட என்னால் இயலாது. பெண்களை இழிவுசெய்யும் ஆபாசமும், இரத்தத்தை வேடிக்கையாக்கும் வன்முறையும் அங்கே மலிந்திருந்தன. 1999இல் பல்ப் ஆக்கிய புகழ்பெற்ற விளையாட்டே பாடசாலைத் துப்பாக்கிச் சூட்டை வைத்து எழுந்ததாகும்.

ஆயினும் அதே வாயிலினூடாக வேறு சிலரும் வந்தனர். உருகுவே நாட்டவரான கொன்சாலோ பிராஸ்கா 2003இல் 'செப்டெம்பர் 12' என்னும் சிறு விளையாட்டை வெளியிட்டார். மத்திய கிழக்கு நகரமொன்றின் சந்தை. சனங்களிடையே ஆயுதந் தாங்கிய சிலர். ஆடுபவரின் கையிலே ஏவுகணை. ஏவினால் கட்டடங்கள் இடிகின்றன, பொதுமக்கள் மடிகின்றனர். மடிந்தோரைச் சூழ்ந்து அழுபவர்கள் எழுந்து புதிய ஆயுததாரிகளாக மாறுகின்றனர். வெல்வதற்கு வழியே இல்லை. ஈராக்கின்மீது படையெடுப்பு நிகழ்ந்த ஆண்டு அது. நூறு துண்டுப்பிரசுரங்கள் விளக்க முயன்றதை மூன்று நிமிடத்திலே ஆடுபவரின் விரல்களுக்கு அது உணர்த்திற்று. இத்தாலியரான பாவலோ பெடர்சினி, மொலேஇண்டஸ்றியா என்னும் பெயரிலே, 2006இல் மக்டொனால்ட்ஸ் கம்பனியை நையாண்டி செய்யும் விளையாட்டொன்றை ஆக்கினார். மேய்ச்சல் நிலம், மாட்டுத் தொழுவம், உணவகம், தலைமையகம் ஆகிய நான்கையும் ஆடுபவரே நிருவகிக்க வேண்டும். காடழிக்காமலும், மாடுகளுக்குக் கழிவுணவு கொடுக்காமலும், அதிகாரிகளுக்குக் கையூட்டு வழங்காமலும் இலாபங் காண முயன்று பாருங்கள், கம்பனி விழுந்துவிடும். முதலாளியின் கொடுமை அவனுடைய குணக்கேட்டாலன்று, போட்டியின் விதியால் விளைவது என்பதைப் பொருளாதாரப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இதனிலும் இலகுவாக விளக்கியதாக நான் அறியேன். அவரே 2009இல் வெளியிட்ட இன்னொரு விளையாட்டிலே எழுதுவினைஞன் ஒருவன் நாள்தோறும் விழித்து, மின்தூக்கியில் இறங்கி, வாகன நெரிசலைக் கடந்து, வரிசை வரிசையாக ஒரே மாதிரி அமர்ந்திருப்போர் நடுவே தன் கூட்டினுள் அமர்கின்றான். அதனை ஆடியவர்களுள் எத்தனை பேர் அத்தகைய கூடுகளுக்குள் இருந்தபடியே ஆடியிருப்பர்!

இத்தனையும் தனியொரு கம்பனியின் நிலத்திலே முளைத்த பயிர் என்பதுதான் அடிப்படைக் குறை. பிளாஷ் பொதுவுடைமையன்று. மக்ரோமீடியாவை 2005இல் அடோபி வாங்கியது. அப்பிளின் ஐபோன் 2007இல் வந்தபொழுது அதிலே பிளாஷுக்கு இடமளிக்கப்படவில்லை. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜொப்ஸ் பகிரங்கக் கடிதமொன்றை வெளியிட்டு, பிளாஷ் மூடிய தொழில்நுட்பம், பாதுகாப்புக் குறைவுடையது, மின்கலத்தை உறிஞ்சுவது என்று குற்றஞ் சாட்டினார். குற்றச்சாட்டுக்களிலே உண்மை இருந்தது. ஆனால் திறந்த இணையத்துக்காக வாதாடிய அதே கம்பனி, 2008இலிருந்து தன் கடையொன்றைத் திறந்து, அதனூடாக விற்கப்படும் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 30 வீதம் குத்தகை அறவிட்டது. இரண்டு நிலச்சுவான்தார்கள் சண்டையிட்டால் குடியானவனுக்கு விடுதலை வந்துவிடாது. 2017 யூலையிலே அடோபி தன் முடிவை அறிவித்தது. 2020 டிசம்பர் 31 உடன் ஆதரவு நின்றது. 2021 ஜனவரி 12 முதல் பிளாஷ் ஓட மறுத்தது. கால் நூற்றாண்டுக் காலத்திலே பல்லாயிரம் இளைஞர் ஆக்கியவை ஒரு கம்பனியின் அறிவித்தலோடு இருண்டு போயின.

முற்றாக இருண்டுவிடாமற் காத்தவர்கள் தொண்டர்களே. 2018இல் தொடங்கப்பட்ட பிளாஷ்பொயின்ற் என்னும் முயற்சி ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுக்களைச் சேகரித்துள்ளது. றபிள் என்னும் திறந்த மென்பொருள், அடோபியின் தயவின்றியே பழைய கோப்புக்களை ஓட்டுகின்றது. 2020 நவம்பரில் இணைய ஆவணக் காப்பகம் அதனைக் கைக்கொண்டது. அரசோ பல்கலைக்கழகமோ முந்தவில்லை. ஏட்டுச்சுவடிகளைத் தேடி அலைந்த பெரியோர்களை மதிக்கும் சமூகத்திலே வாழும் நமக்கு இவ்வுழைப்பின் அருமை புரியாதிருக்காது.

இதற்கிடையிலே ஐந்து நிமிடத்தை இன்னொரு வகையாகக் கைப்பற்றக் கற்றுக்கொண்டிருந்தது மூலதனம். 2009 யூனிலே சிங்கா கம்பனி பேஸ்புக் வழியாக 'பாம்வில்' என்னும் விவசாய விளையாட்டை வெளியிட்டது. அடுத்த ஆண்டிலே மாதந்தோறும் எட்டுக் கோடிக்கு மேற்பட்டோர் அதிலே பயிரிட்டனர். விதைத்த பயிர் குறித்த மணிக்கணக்கிலே விளையும். அந்நேரத்துக்குத் திரும்பி வராவிட்டால் வாடிப்போகும். காத்திருக்க இயலாதவர் காசு கொடுத்துக் காலத்தைத் தாண்டலாம். நண்பரை அழைத்துவந்தவர்க்கு வெகுமதி. தொழிலாளி தன் முதலாளியிடமிருந்து மீட்டுக்கொண்ட சிறு இடைவேளை, இங்கே இன்னொரு முதலாளியின் மணிக்கூட்டுக்குக் கட்டுப்பட்டது. இதனைப் பழித்து ஆராய்ச்சியாளர் இயன் பொகோஸ்ற் 2010இல் ஒரு விளையாட்டை இயற்றினார். திரையிலே ஒரு பசு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அதனைச் சொடுக்கலாம், வேறெதுவுமில்லை. கேலியாக ஆக்கியதை ஆயிரக்கணக்கானோர் மெய்யாகவே ஆடத் தொடங்கிவிட்டனர்! நையாண்டி எழுதுவோர் அனைவரும் சிந்திக்க வேண்டிய அனுபவம் இது. பாம்வில்லின் மூல வடிவம் பிளாஷோடு சேர்ந்து 2020 டிசம்பர் 31இல் மூடப்பட்டது. அதன் கம்பனியோ 2022இல் ஏறத்தாழ 1,270 கோடி டொலருக்கு விலைபோயிற்று.

எதிர்த்திசையிலும் சிலர் நடந்தனர். 2014 மார்ச்சிலே கப்ரியேலே சிருல்லி என்னும் பத்தொன்பது வயது இத்தாலிய இளைஞர் ஒரு வார இறுதியிலே '2048' என்னும் எண் விளையாட்டை எழுதி, எவரும் எடுத்தாளலாம் என்னும் அனுமதியோடு இணையத்திலே வைத்தார். பிறர் கருத்தின்மேல் கட்டியதைத் தாம் விற்பது தகாதென்று எண்ணினார். அவருக்கு ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன்னர்தான், ஓராண்டுக்கு மேலாக உழைத்து, 'த்ரீஸ்' என்னும் அதனையொத்த விளையாட்டை இருவர் வெளியிட்டு விற்றுவந்தனர். 2048 அவர்களின் சந்தையைக் கவிழ்த்தது. அவர்களுடைய மனக்கசப்பு நியாயமற்றதன்று.  ஆனால் சிருல்லியின் கொடையை எடுத்து விளம்பரம் ஒட்டிக் கைத்தொலைபேசிக் கடைகளிலே பரப்பிக் காசு பார்த்த கம்பனிகளும் இருந்தன. பொதுநிலம் வேலியடைக்கப்படுவது எப்படியென்று அறிய விரும்பும் மாணவர் பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குப் போகவேண்டியதில்லை.

அதே 2014இல் கூகிளின் குரோம் உலாவியிலே, இணையத் தொடர்பு அறுந்த வேளையில் தோன்றும் குட்டி டைனோசர் ஓடத் தொடங்கிற்று. 2018இல் அக்கம்பனி தந்த கணக்கின்படி மாதந்தோறும் 27 கோடி ஆட்டங்கள் ஆடப்பட்டன. பெரும்பாலும் இணையம் அடிக்கடி அறுகின்ற, அல்லது அதற்கு அதிக விலை கொடுக்கின்ற இந்தியா, பிரேசில், மெக்சிக்கோ, இந்தோனேசியா முதலிய நாடுகளிலே. வறிய நாடுகளின் பொறுமையை அளக்கும் கருவி என்றே அதனைச் சொல்லலாம். பள்ளிப் பிள்ளைகளும் வேலைசெய்ய வேண்டியவர்களும் அதிலே மூழ்கியமையால், நிருவாகிகள் அதனை முடக்கிவைக்கும் வசதியொன்றையும் கம்பனி செய்துகொடுத்தது. மேலதிகாரியிடமிருந்து ஒளியும் விசை 1990இலே மறுக்கப்பட்டது. மேலதிகாரிக்கான விசை பின்னர் வழங்கப்பட்டது.

இறுதியாக வேர்டில். நியூயோர்க்கில் வாழ்ந்த ஜொஷ் வார்டில் என்னும் மென்பொருள் வல்லுநர் தம் துணைவியார் சொல் விளையாட்டுக்களை விரும்புபவர் என்பதால் ஆக்கியது. ஐந்தெழுத்துச் சொல், ஆறு முயற்சிகள், நாளுக்கு ஒன்றே. விளம்பரம் இல்லை, காசு இல்லை, மறுபடி அழைக்கும் மணியோசை இல்லை. ஐந்து நிமிடத்தைக் கேட்டு, ஐந்து நிமிடத்தோடு மனிதரை விட்டுவிடும் விளையாட்டு. 2021 நவம்பர் முதலாந் திகதி 90 பேர் அதனை ஆடினர். இரண்டு மாதங்கழித்து மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர். 2022 ஜனவரி 31இல் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை அதனைப் பத்து இலட்சம் டொலருக்குக் குறையாத தொகைக்கு வாங்கிற்று. தனியொருவரால் அப்பெருக்கத்தைத் தாங்க இயலவில்லை என்பதை நாம் மறுக்கவில்லை, அவரைக் குறைகூறவுமில்லை. 2024 மார்ச்சிலே அப்பத்திரிகை, வேர்டிலைப் போன்றவற்றை ஆக்கி இணையத்தில் வைத்திருந்தோர்க்குப் பதிப்புரிமை அறிவித்தல்கள் அனுப்பியது. வேலி வந்துவிட்டது.

ஆனால் வேலிக்குள்ளே தொழிலாளர் இருந்தனர். பத்திரிகையின் கணினிப் பணியாளர் ஏறத்தாழ அறுநூறு பேர் 2022இல் வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்திருந்தனர். தக்க காரணமின்றி எவரையும் வேலைநீக்கஞ் செய்யலாகாது என்பது அவர்களின் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று. அல்பனி உத்தியோகத்தரை இவ்விடத்திலே நினைவுகூர்வது பொருந்தும். பேச்சுவார்த்தை ஈராண்டுக்கு மேல் இழுபட்டது. அமெரிக்கச் சனாதிபதித் தேர்தலுக்கு முதல்நாளாகிய 2024 நவம்பர் 4ஆந் திகதி அவர்கள் வேலைநிறுத்தத்திலே இறங்கினர். செய்தியைப் படிக்கவேண்டாம் என்று அவர்கள் வாசகரைக் கேட்கவில்லை. வேர்டிலையும் பத்திரிகையின் ஏனைய விளையாட்டுக்களையும் ஆடவேண்டாம் என்றே கேட்டனர். ஆலை வாயிலிலே நின்ற மறியல் கோடு, நாள்தோறும் ஆடி வந்தவர்களின் காலைத் தேநீர் மேசை வரை நீண்டது. ஒரு நாள் தவறினால் மாதக்கணக்கான தொடர்வெற்றிக் கணக்கு அறுந்துவிடும். அதனை அறுத்துக்கொள்ளுங்கள் என்பதே வேண்டுகோள். சிறிய தியாகந்தான். ஆயினும் ஐந்து நிமிட விளையாட்டொன்று ஒரு கம்பனிக்கு எத்துணை பெறுமதியானது என்பதை அதனை ஓட்டிய தொழிலாளர் நன்கறிந்திருந்தனர்.

விளையாட்டின்றி வாசகர் தவிப்பரே என்பதையும் அவர்கள் மறக்கவில்லை. வேலைநிறுத்தக்காரர்களே தம் கைகளால் சில சிறு உலாவி விளையாட்டுக்களை எழுதி, வேலைநிறுத்தத்தையே பொருளாகக் கொண்டு, எவரும் விலையின்றி ஆடும்படி சங்கத்தின் தளத்திலே வைத்தனர். ஒரு வாரத்தின் பின் உடன்படிக்கையின்றியே வேலைக்குத் திரும்பினர். டிசம்பரிலே உடன்படிக்கை கைகூடிற்று. தக்க காரணமின்றி நீக்கலாகாது என்னும் விதி அதில் இடம்பெற்றிருந்தது.